திருமதி இன்னார், குழந்தை, ஆயா

2022 ஜூன் மாதம் சென்னைத் துறைமுகத்தில் ‘எம்ப்ரஸ்’ என்ற சொகுசுக் கப்பலை முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் கொடியசைத்து அனுப்பிவைத்தார். கடலுக்குள் போய், இரண்டொரு நாள் தங்கி, அதே துறைமுகத்துக்குத் திரும்பும் உல்லாசப் பயணம் அது. அப்படியொரு பயணத்துக்கு ஒன்றரை வயதுப் பிள்ளையோடு கிளம்பும் எந்தக் குடும்பமும் டிக்கெட் விலைக்கு அடுத்தபடியாகக் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: கப்பலில் குழந்தையை யார் பார்த்துக்கொள்வது?

அதே ஜூனில் லண்டனில் இன்னொரு விழா நடந்தது. ஹாக்னி பகுதியில், கிங் எட்வர்ட்ஸ் சாலை 26-ம் எண் வீட்டின் சுவரில் நீல வட்டப் பலகை ஒன்றைப் பதித்தார்கள். அந்தக் கேள்விக்கு நூற்றைம்பது வருஷத்துக்கும் மேலாகப் பதிலாக இருந்த பெண்களின் நினைவுக்காக வைத்த பலகை அது. அவர்கள் கப்பல் ஆயாக்கள்.

கடலில் குழந்தையை ஏற்றிச் செல்வது அன்று விடுமுறை விஷயமே அல்ல. கிழக்கிந்தியக் கம்பெனிக் காலத்தில் இந்தியாவில் பிறந்த ஆங்கிலேயக் குழந்தைகளை ஐந்தாறு வயதுக்குள் இங்கிலாந்துக்கு அனுப்பிவிடுவார்கள். ஆப்பிரிக்காவைச் சுற்றிக்கொண்டு பாய்மரக் கப்பல் போய்ச்சேர மாதக்கணக்காகும். 1811-ல் கல்கத்தாவில் பிறந்த ஆங்கில எழுத்தாளர் வில்லியம் தாக்கரேயும் அப்படித்தான் ஐந்து வயதில் அனுப்பப்பட்டார். வழியில் செயின்ட் ஹெலினா தீவில் கப்பல் நின்றபோது, கூட வந்த வேலைக்காரர் சிறுவனைப் பாறைகள் வழியே வெகுதூரம் நடத்திக்கொண்டுபோய், ஒரு தோட்டத்தில் உலாவிக்கொண்டிருந்த மனிதரைக் காட்டினாராம். சிறைவைக்கப்பட்டிருந்த நெப்போலியன்! தினம் மூன்று ஆடுகளையும், கையில் சிக்கும் குழந்தைகளையும் தின்பவர் என்று அந்த வேலைக்காரர் மிரட்டியதையும் தாக்கரே பின்னாளில் எழுதியிருக்கிறார். குழந்தைக்கு வேடிக்கை காட்டியது, கதை சொன்னது, கை பிடித்து நடத்தியது எல்லாம் பெயர் தெரியாத அந்த மனிதர்தான்.

இதே தாக்கரே 1844-ல் பி அண்டு ஓ கப்பல் நிறுவனம் கொடுத்த இலவச டிக்கெட்டில் மத்தியதரைக் கடலைச் சுற்றி வந்து புத்தகம் எழுதினார். கடல் உல்லாசப் பயணத்தைப் பற்றிய ஆரம்பகாலப் புத்தகங்களில் அதுவும் ஒன்று.

தமிழில் இன்று பள்ளிக்கூடத்திலும் ஆஸ்பத்திரியிலும் புழங்கும் ‘ஆயா’, குழந்தை வளர்ப்பவளைக் குறிக்கும் ‘ஐயா’ என்ற போர்ச்சுக்கீசியச் சொல்லிலிருந்து வந்தது. சில வட்டாரங்களில் பாட்டியை அழைக்கும் ஆயா வேறு. அது ‘ஆய்’ என்ற நம் சொல்லின் வழி. காதில் இரண்டும் ஒன்றாகவே விழுகின்றன.

1869-ல் சூயஸ் கால்வாய் திறந்தது. நீராவிக் கப்பலில் பயணம் சில வாரங்களாகச் சுருங்கியது. துரைசானிகள் பிள்ளைகளோடு அடிக்கடி போய்வர ஆரம்பித்தார்கள், கூடவே ஆயாக்களும். சென்னையில் கப்பலேறுவதே அன்று பெரும்பாடு. துறைமுகம் கட்டி முடியாத காலத்தில், கயிற்றால் பலகைகளைத் தைத்த மசூலாப் படகில் அலையைத் தாண்டித்தான் கப்பலை எட்ட வேண்டும். கப்பலில் அம்மாவுக்குக் குமட்டலும் மயக்கமுமாக இருக்கும், ஆயாவோ தாக்குப்பிடிப்பாள். குளிப்பாட்டுவது, ஊட்டுவது, தாலாட்டுவது, மூட்டைமுடிச்சுகளை எண்ணி வைப்பது எல்லாம் அவள் பொறுப்பு. படுக்கைக்குப் பெரும்பாலும் கேபின் தரை, இல்லாவிட்டால் டெக். அந்தக் காலத்துப் பயணிகள் பட்டியல்களில் வரிக்கு வரி இப்படித்தான் இருக்கும்: திருமதி இன்னார், குழந்தை, ஆயா. அவளுக்கு அதில் பெயர் கிடையாது.

கரை இறங்கியதும் பல குடும்பங்களுக்கு ஆயாவின் தேவை தீர்ந்துவிடும். திரும்பும் டிக்கெட்டைக் கையில் கொடுத்து அனுப்பியவர்கள் உண்டு. வெறுங்கையோடு விட்டவர்களும் உண்டு. 1850-களில் கிழக்கு லண்டனின் அழுக்குச் சத்திரங்களில் ஆயாக்கள் ஐம்பது அறுபது பேராக அடைந்து கிடந்தது அங்கே செய்தியானது. 1908-ல் ஓர் ஆயாவைக் கையில் ஒரு பவுனைக் கொடுத்துக் கிங்ஸ் கிராஸ் ரயில் நிலையத்தில் விட்டுவிட்டு, அவளை வேலைக்கு வைத்த குடும்பம் ஸ்காட்லாந்துக்கு ரயிலேறிவிட்டது. அந்தக் குழந்தை அவளைத் தேடி எத்தனை நாள் அழுததோ, ஆவணத்தில் இல்லை.

இப்படிப்பட்டவர்களுக்காக லண்டனின் ஆல்ட்கேட் பகுதியில் நடந்த ‘ஆயா இல்லம்’ 1900-ல் ஹாக்னிக்கு மாறியது. முப்பது அறைகள். சீனாவிலிருந்து வந்த ‘ஆமா’க்களும் அங்கே தங்கினார்கள். நடத்தியது கிறிஸ்தவ மிஷன் ஆதலால் தினமும் ஜெபமும் பாட்டும் இருந்தன. மதம் மாற்றும் நோக்கத்தை அவர்கள் மறைக்கவில்லை. ஆனால் இல்லத்தின் பொருளாதாரம்தான் ஆச்சரியமானது. ஆயாவை அழைத்துவந்த குடும்பம் அவளுடைய திரும்பும் டிக்கெட்டை இல்லத்தில் ஒப்படைக்கும். இந்தியாவுக்குக் கைக்குழந்தையோடு புறப்படும் வேறு குடும்பம் அந்த டிக்கெட்டைக் காசு கொடுத்து வாங்கும். டிக்கெட்டோடு ஆயாவும் போவாள். அடுத்த கப்பல் கிடைக்கும்வரை அவள் சாப்பாட்டுச் செலவை அந்தக் காசு தாங்கும்.

போகும்போது ஒரு குழந்தை, வரும்போது இன்னொரு குழந்தை. இப்படியே ஐம்பத்து நான்கு தடவை இந்தியாவுக்கும் இங்கிலாந்துக்கும் போய்வந்ததாகச் சொன்ன ஆண்டனி பரேரா என்ற பெண்மணியின் பெயர் மட்டும் பத்திரிகையில் வந்ததால் பிழைத்திருக்கிறது. மாலுமிகளில்கூட அத்தனை தடவை போய்வந்தவர்கள் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்?

குழந்தைகளுக்கு இந்தப் பயணங்களில் என்ன நினைவிருக்கும் என்பதற்கு எழுத்தாளர் ரட்யார்ட் கிப்ளிங் சாட்சி. 1868-ல், இரண்டே கால் வயதில், பம்பாயிலிருந்து அம்மாவோடு இங்கிலாந்து போனார். கால்வாய் திறப்பதற்கு முந்தைய வருஷம் என்பதால் எகிப்தில் இறங்கி ரயிலில் பாலைவனத்தைக் கடக்க வேண்டும். அந்த ரயிலில் எதிர் இருக்கையில் சால்வை போர்த்தி உட்கார்ந்திருந்த சின்னப் பெண்ணும், பிறகு இங்கிலாந்தில் குளிர்ந்த இருட்டறையில் முதன்முதலாகப் பார்த்த கணப்புத் தீயைக் கண்டு அலறியதும் முதுமையில் எழுதிய சுயசரிதையில் இருக்கின்றன.

குழந்தைக்கென்று கப்பலிலேயே இடம் ஒதுக்கும் யோசனை பெருங்கடல் பயணக் கப்பல்களின் பொற்காலத்தில் அழகாகக் கனிந்தது. பிரான்சின் செயின்ட் நசேர் ஊரில் கட்டி 1935-ல் முதல் பயணம் கிளம்பிய ‘நார்மண்டி’ கப்பலில் குழந்தைகளுக்குத் தனிச் சாப்பாட்டு அறை. அதன் சுவர்களில் ‘பாபர்’ என்ற சிறுவர் கதை யானையை வரைந்தவர், அந்தக் கதைகளைப் படைத்த ஜான் த ப்ரூன்ஹாஃபே. விளையாட்டு அறையில் பொம்மலாட்டம். ஏழே ஆண்டில், போர்க்காலத்தில், நியூயார்க் துறைமுகத்தில் அந்தக் கப்பல் தீப்பிடித்துச் சாய்ந்தது.

அதே காலத்தில் நம் கடலில் ஓடிக்கொண்டிருந்தது ‘ரஜூலா’. 1926-ல் கிளாஸ்கோவில் கட்டியது. சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்று ஏறத்தாழ அரை நூற்றாண்டு தமிழர்களைச் சுமந்தது. தொடக்கத்தில் 5,000-க்கும் மேற்பட்ட டெக் பயணிகளை ஏற்ற அதற்கு அனுமதி இருந்தது. பாயை விரித்த இடம்தான் வீடு. ரப்பர் தோட்டத்துக்குப் போன தாய்மாருக்கு ஆயாவும் இல்லை, பொம்மலாட்டமும் இல்லை. தூக்கக் கையும் கிடத்த மடியும்தான். கப்பலில் அம்மை, காலரா என்ற சந்தேகம் வந்தால் குழந்தையோடு ஜெரஜாக் தீவிலோ செயின்ட் ஜான்ஸ் தீவிலோ இறங்கித் தனிமை முகாமில் கிடக்க வேண்டும்.

1958-ல் ஜெட் விமானங்கள் அட்லாண்டிக்கைக் கடக்கத் தொடங்கியதும், ஊர்போய்ச் சேர்வதற்காகக் கப்பலேறும் பழக்கம் தேய்ந்தது. கப்பல்கள் உல்லாசத்துக்குத் திரும்பின. 1966-ல் மயாமியிலிருந்து கரீபியனுக்குக் கிளம்பிய ‘சன்வர்ட்’ இன்றைய தொழிலுக்கு அடிக்கல். குடும்பங்களை மனத்தில் வைத்தே கட்டப்பட்ட ‘டிஸ்னி மேஜிக்’ 1998-ல் வந்தது. மூன்று வயதுக்குட்பட்ட பிள்ளைகளை மணிக்கணக்குக்குக் கட்டணம் வாங்கிப் பார்த்துக்கொள்ளும் அறை அதில் உண்டு. இப்போது பெரும்பாலான நிறுவனங்கள் ஆறு மாதம் நிறைந்த குழந்தையை ஏற்றுகின்றன. பல நாள் கரை தட்டாத நீண்ட பயணமென்றால் ஒரு வயது ஆகியிருக்க வேண்டும். டயப்பர் கட்டிய குழந்தையைப் பொது நீச்சல்குளத்தில் இறக்கக் கூடாது என்பது அமெரிக்கத் துறைமுகங்களுக்குப் போகும் கப்பல்களில் கண்டிப்பான சுகாதார விதி. முதல் பயணத்துக்கு ஆசையாய் நீச்சலுடை வாங்கிப்போகும் பெற்றோர் பலருக்கு இது அங்கே போனபிறகுதான் தெரியவருகிறது.

சென்னையிலிருந்து புறப்பட்ட ‘எம்ப்ரஸ்’ 1990-ல் கட்டியது. கட்டிய இடம் அதே செயின்ட் நசேர். ‘நார்மண்டி’யைச் செய்த தளத்தின் வாரிசு நிறுவனம்தான் அதையும் செய்தது. இன்றைய பெரிய உல்லாசக் கப்பல்களில் பயணிகள் பட்டியலில் ஒரு வயதுக் குழந்தைக்கும் முழுப்பெயர் இருக்கும். குழந்தைகள் அறையில் பிள்ளையை வாங்கிக்கொள்ளும் பெண்ணின் சட்டையில் சின்னத் தகடு ஒன்று குத்தியிருக்கும்: மேலே அவள் பெயர், அடியில் அவள் நாடு. தோளுக்கு மாறிய குழந்தை முதலில் பிடித்து இழுப்பது அந்தத் தகட்டைத்தான்.