கேமரா விற்பனை சரிந்தது. புகைப்பட ஆர்வலர் தளம் தப்பியது

மின்னிலக்கக் கேமராக்கள் புதிதாக இருந்த 1998ஆம் ஆண்டு, ஃபில் ஆஸ்கி என்பவர் ‘டிபிரிவியூ’ இணையத்தளத்தைத் தொடங்கினார். எந்தக் கேமராவை வாங்கலாம், எந்த லென்ஸ் பொருந்தும் என்று கேட்டவர்களுக்கு, அவற்றை ஏற்கெனவே பயன்படுத்தியவர்களே அங்கு பதிலளித்தனர். 2007ஆம் ஆண்டு அமேசான் அத்தளத்தை வாங்கியது.

அதன் பிறகு சந்தை தலைகீழானது. ஜப்பானிய கேமரா தொழில்துறைச் சங்கத்தின் கணக்குப்படி, 2010ஆம் ஆண்டு ஏறத்தாழ 121 மில்லியன் மின்னிலக்கக் கேமராக்கள் விற்பனைக்கு அனுப்பப்பட்டன. 2023ஆம் ஆண்டு அந்த எண்ணிக்கை 8 மில்லியனுக்கும் குறைவு. சிறிய கேமராக்களின் இடத்தைத் திறன்பேசிகள் பிடித்துக்கொண்டன.

ஆர்வலர்களின் பேச்சும் மாறியது. ஒருகாலத்தில் மெகாபிக்சல்களை ஒப்பிட்டவர்கள், பின்னர் ‘மிரர்லெஸ்’ கேமராக்களைப் பற்றியும் அவற்றில் பழைய லென்ஸ்களைப் பொருத்துவது பற்றியும் விவாதித்தனர்.

2023 மார்ச் மாதம், அமேசானின் ஆட்குறைப்பை அடுத்து, தளம் மூடப்படும் என்று அறிவிக்கப்பட்டது. உற்பத்தி நின்றுபோன கேமராவில் கோளாறு ஏற்பட்டால், பழைய பயனீட்டாளர் எழுதிய குறிப்பே பலருக்கும் கைகொடுக்கும். கால் நூற்றாண்டாகச் சேர்ந்த அத்தகைய குறிப்புகள் அழிந்துவிடுமோ என்று அஞ்சி, தொண்டூழியர்கள் பக்கங்களைப் படியெடுக்கத் தொடங்கினர்.

ஜூன் மாதம் அமெரிக்காவின் ‘கியர் பட்ரோல்’ நிறுவனம் தளத்தை வாங்கியதால் அது தப்பியது.

உறுப்பினர்கள் எழுதிச் சேர்த்த அறிவு அவர்களுடையது. அதை வைத்திருக்கும் தளமோ வேறொருவருடையது. இணையத்தில் பகிரும் படங்களுக்கும் குறிப்புகளுக்கும் சொந்தமாக ஒரு நகல் வைத்துக்கொள்வது நல்லது.