ஒட்டுவேலை அல்ல, துபாஷி வேலை



சென்ற மாதம் பழைய மாணவன் ஒருவன் வீட்டுக்கு வந்திருந்தான். "என்னப்பா வேலை பார்க்கிறாய்?" என்றேன். "மேப்சர்வர்னு ஒரு வரைபட சாஃப்ட்வேர் சார். அதுக்கு பைண்டிங் பண்றேன். சும்மா ஒட்டுவேலைதான்" என்று தலையைக் குனிந்துகொண்டான். எனக்குத் தெரிந்த பைண்டிங் நோட்டுப் புத்தகத்துக்குப் போடுவதுதான். அவன் விளக்கினான். பிறகு நானும் தேடிப் படித்தேன். படித்ததும், அவன் தலை குனிந்தது தவறு என்று தோன்றியது.

1990களின் நடுப்பகுதி. காடுகளும் ஏரிகளும் நிறைந்த அமெரிக்க மாநிலம் மினசோட்டா. அங்குள்ள பல்கலைக்கழகம், நாசாவோடும் மாநில இயற்கை வளத்துறையோடும் சேர்ந்து நடத்திய திட்டத்தில் பிறந்ததுதான் மேப்சர்வர். முதலில் எழுதியவர் ஸ்டீவ் லைம். நாம் ஓர் இடத்தைக் கேட்டால் சாலை, ஏரி, எல்லை என்று அடுக்கடுக்காக வரைந்து ஒரே படமாக அனுப்பும். கூகுள் மேப்ஸ் வந்தது 2005இல்தான் என்பதை நினைவில் கொள்ளுங்கள்.

மேப்சர்வர் எழுதப்பட்டது சி மொழியில். வேகமான மொழி, ஆனால் எல்லோருக்கும் கைவராது. இணையதளம் அமைப்பவர்கள் பெர்ல், பைத்தான், பிஎச்பி என்று வேறு மொழிகளில் எழுதினார்கள். இரண்டுக்கும் நடுவே ஒரு துபாஷி தேவைப்பட்டார். டூப்ளேக்கு ஆனந்தரங்கப் பிள்ளை இருந்தாரே, அதுபோல. அந்தத் துபாஷிதான் பைண்டிங். மேப்சர்வரின் துபாஷிக்கு மேப்ஸ்கிரிப்ட் என்று பெயர்.

ஒவ்வொரு மொழிக்கும் தனித்தனியாகக் கையால் எழுதினால் எத்தனை ஆண்டுகள் ஆகும்? இதற்கு வழி வேறோர் இடத்திலிருந்து வந்தது. 1995இல் லாஸ் அலமோஸ் ஆய்வுக்கூடத்தில் டேவிட் பீஸ்லி என்பவர் இயற்பியல் கணக்கீடுகளுக்காக ஸ்விக் என்ற கருவியை உருவாக்கினார். சி மொழியில் என்னென்ன செயல்கள் உள்ளன என்று ஒரு பட்டியல் கொடுத்தால் போதும், இணைப்பு நிரலை அதுவே எழுதித் தரும். அதை கம்பைல் செய்து, கிடைக்கும் கோப்பை பைத்தான் தேடும் இடத்தில் நிறுவ வேண்டும். மேப்சர்வர் ஒரு பதிப்பும் பைண்டிங் வேறு பதிப்பும் ஆகிவிட்டால் வேலை கெடும்.

அதைவிட நுட்பமான சிக்கல் ஒன்று உண்டு. சி மொழியில் எடுத்த நினைவகத்தை நாமே திருப்பித் தர வேண்டும். பைத்தான் அதைத் தானே பார்த்துக்கொள்ளும். நூலகப் புத்தகம் மாதிரி, யார் திருப்பித் தருவது என்பதில் குழப்பம் வந்தால் நிரல் முழுவதும் பாதியில் விழுந்துவிடும். அந்தக் கணக்கைச் சரியாக வைத்திருப்பதும் பைண்டிங் எழுதுபவர்தான்.

பிஎச்பிக்கு மட்டும் கனடாவின் டிஎம் சொல்யூஷன்ஸ் நிறுவனம் ஸ்விக் இல்லாமல் கையாலேயே ஒரு பைண்டிங் எழுதியது. பல ஆண்டுகள் நன்றாக உழைத்தது. 2015இல் பிஎச்பி 7 வந்தபோது அந்த மொழியின் உள்கட்டமைப்பே மாறிவிட்டது. கடைசியில் 2022இல் வந்த மேப்சர்வர் 8.0இல் அந்தப் பழைய பைண்டிங் நீக்கப்பட்டது. பிஎச்பிக்கும் ஸ்விக் வழியே நிலைத்தது. எழுதியவர்களின் திறமைக் குறைவு அல்ல காரணம். இரு பக்கமும் மொழி மாறிக்கொண்டே இருக்கும்போது, துபாஷியும் படித்துக்கொண்டே இருக்க வேண்டும். அதற்கு ஆள் வேண்டும்.

வரைபடத்தைப் பார்ப்பவருக்கு இவர்கள் யாரும் தெரியமாட்டார்கள். ஆனால் இவர்கள் இல்லையென்றால், சி தெரிந்த சிலரோடு அந்த மென்பொருள் நின்றுபோயிருக்கும்.

தம்பி, இதைப் படிப்பாய் என்று தெரியும். அடுத்த முறை யாராவது கேட்டால் நிமிர்ந்து சொல். ஒருவருக்குத் தெரிந்ததை இன்னொருவருக்குப் புரியும்படி கொண்டுசேர்க்கிறாய். வகுப்பறையில் நான் செய்ததும் அதே வேலைதான்.

தவறு இருந்தால் விவரம் தெரிந்த மாணவர்கள் திருத்துங்கள்.

அன்புடன்,
உங்கள் ஆசிரியர்