மென்சிக் – தாமஸ் சதுரங்க ஆட்டம், 1932

மென்சிக் – தாமஸ் ஆட்டம் என்பது 1932 ஆம் ஆண்டு லண்டனில் நடைபெற்ற பன்னாட்டுச் சதுரங்கச் சுற்றுப்போட்டியில் வேரா மென்சிக்கும் சர் ஜார்ஜ் தாமஸும் மோதிய ஆட்டம் ஆகும். ராணியின் சிப்பாய் நகர்வுடன் தொடங்கிய இவ்வாட்டத்தில், வெள்ளைக் காய்களுடன் ஆடிய மென்சிக் வெற்றி பெற்றார். அலெக்சாந்தர் அலெகைன் முதலிடம் பெற்ற அச்சுற்றுப்போட்டியில் கலந்துகொண்ட ஒரே பெண் மென்சிக் ஆவார்.

ஆட்டக்காரர்கள்

மென்சிக் 1906 இல் மாஸ்கோவில் பிறந்து, 1921 இல் இங்கிலாந்தில் குடியேறியவர். 1927 இல் லண்டனில் நடைபெற்ற முதலாவது பெண்கள் உலகச் சதுரங்கப் போட்டியில் 11 ஆட்டங்களில் 10.5 புள்ளிகள் பெற்று உலக வாகையாளர் ஆனார்.

தாமஸ் சதுரங்கத்தைத் தொழிலாகக் கொள்ளாதவர். 1923, 1934 ஆம் ஆண்டுகளில் பிரித்தானிய வாகையாளராக விளங்கினார். இறகுப்பந்தாட்டத்தின் தாமஸ் கிண்ணம் இவரது பெயரைக் கொண்டதே. இவரது தாயார் சீமாட்டி எடித் தாமஸ், தொடக்ககாலப் பெண்கள் சதுரங்கச் சுற்றுப்போட்டிகளுள் ஒன்றான 1895 ஹேஸ்டிங்ஸ் போட்டியில் வென்றவர்.

ஆட்டத்தின் போக்கு

மென்சிக் ராணியின் முன்னுள்ள சிப்பாயை இரு கட்டங்கள் நகர்த்தி ஆட்டத்தைத் தொடங்கினார். தாமஸ் ராஜாவின் இந்தியத் தடுப்பாட்டத்தைத் தெரிவு செய்தார். இம்முறையில் கறுப்பு நடுப்பகுதியை முதலில் விட்டுக்கொடுத்துப் பின்னர் தாக்கும். வெள்ளை, ராஜாப் பக்க மந்திரியின் முன்னுள்ள சிப்பாயை ஒரு கட்டம் நகர்த்தி நடுப்பகுதியை வலுப்படுத்தியது. இது செருமானிய ஆட்டக்காரர் பிரீட்ரிக் சேமிஷின் பெயரால் அறியப்படும் முறை ஆகும். நடுப்பகுதி அடைபட்டபின் மென்சிக் ராணிப் பக்கம் கோட்டை கட்டினார். கறுப்பு ராஜா எதிர்ப்பக்கத்தில் இருந்ததால், தமது ராஜாவுக்கு ஆபத்தின்றி ராஜாப் பக்கச் சிப்பாய்களை முன்னேற்றித் தாக்கி வென்றார்.

முக்கியத்துவம்

1929 இல் கார்ல்ஸ்பாத் சுற்றுப்போட்டியில் மென்சிக் சேர்க்கப்பட்டதை எள்ளிய ஆல்பர்ட் பெக்கர், அவரிடம் தோற்பவர்கள் "வேரா மென்சிக் கழகத்தின்" உறுப்பினர் ஆவர் என்றார். அப்போட்டியில் மென்சிக் 21 ஆட்டங்களில் 3 புள்ளிகளே பெற்றார். எனினும் அவரிடம் தோற்றவர்களுள் பெக்கரும் சேமிஷும் அடங்குவர். பின்னாளில் உலக வாகையாளரான மாக்ஸ் ஊவே, பஞ்சாபைச் சேர்ந்த சுல்தான் கான், தாமஸ் ஆகியோரும் இக்கழகத்தில் இடம்பெற்றனர்.

மென்சிக் 1944 சூன் மாதத்தில், லண்டன் மீதான செருமானியப் பறக்கும் குண்டுத் தாக்குதலில் தாயாருடனும் தங்கை ஓல்காவுடனும் உயிரிழந்தார். அப்போதும் அவரே பெண்கள் உலக வாகையாளர். பெண்கள் சதுரங்க ஒலிம்பியாடின் வெற்றிக் கிண்ணம் அவரது பெயரைத் தாங்கியுள்ளது.