கோயிலில் கட்டிய தாலியும் பிள்ளையின் குடியுரிமையும்

புக்கிட் பெருவாங் - குடியுரிமைச் சட்டத் திருத்தம் என்றதும் பலருக்கும் நினைவுக்கு வருவது, வெளிநாட்டில் பிள்ளை பெற்ற மலேசியத் தாய்மார்களின் போராட்டம்தான். 2024 அக்டோபர் 17ஆம் தேதி மக்களவையில் 206 உறுப்பினர்களின் ஆதரவோடு நிறைவேறிய அரசியலமைப்புத் திருத்த மசோதா அவர்களுக்கு வெற்றி. பின்னர் மேலவையும் அதை ஏற்றது. இதன்படி, வெளிநாட்டில் பிறக்கும் பிள்ளைக்குத் தந்தை வழியில் மட்டுமின்றித் தாய் வழியிலும் குடியுரிமை கிடைக்கும்.

அதே மசோதாவில், சிவப்பு அடையாள அட்டைக் குடும்பங்களைத் தொடும் இன்னொரு வரியும் உண்டு. தோட்டப்புறங்களில் அது அதிகம் பேசப்படவில்லை.

மெர்டேக்காவுக்குப் பிறகு 1962 வரை, இந்த மண்ணில் பிறந்தாலே குடியுரிமை கிடைத்தது. அந்த ஆண்டின் திருத்தம் அதைச் சுருக்கியது. பெற்றோரில் ஒருவராவது குடிமகனாகவோ நிரந்தரவாசியாகவோ இருக்க வேண்டும் என்றானது. இப்போதைய திருத்தம் "நிரந்தரவாசி" என்பதையும் நீக்குகிறது. தாய் தந்தை இருவரும் சிவப்பு அட்டை என்றால், இங்கே பிறக்கும் பிள்ளைக்குக் குடியுரிமை தானாக வராது. அரசிதழில் அறிவிக்கப்படும் அமலாக்க நாளுக்கு முன் பிறந்தவர்களுக்குப் பழைய விதியே பொருந்தும்.

தந்தைக்கு நீல அட்டை இருக்கிறதே, நமக்கென்ன என்று சிலர் இருந்துவிடக்கூடும். சிக்கலே அங்குதான். திருமணத்துக்கு வெளியே பிறந்த பிள்ளைக்குத் தாயின் தகுதியைத்தான் பார்க்க வேண்டும் என்கிறது அரசியலமைப்பின் இரண்டாம் அட்டவணை. கோயிலில் தாலி கட்டி, ஊருக்கே விருந்து வைத்து, பதிவு மட்டும் செய்யாமல் விட்ட தம்பதியிடம் பதிவுத் துறை கேட்பது திருமணச் சான்றிதழை. அது இல்லாதபோது, இதுவரை சிவப்பு அட்டைத் தாயின் நிரந்தரவாசத் தகுதியே பிள்ளையைக் காப்பாற்றி வந்தது. இனி அந்த வழி இல்லை.

முஸ்லிம் அல்லாதார் தத்தம் சமய முறைப்படி மணம் புரிவதை 1976 திருமண, மணவிலக்குச் சட்டம் தடுக்கவில்லை. 1982 மார்ச் 1 முதல் நடப்பிலுள்ள அச்சட்டம், சடங்கோடு பதிவையும் கேட்கிறது. துணைப் பதிவாளராக நியமனம் பெற்றவர்கள் சில ஆலயங்களிலேயே இருக்கிறார்கள். தேதி குறிக்கும்போதே விசாரித்துக்கொள்ளலாம். தாலி ஏறினால் கல்யாணம் முடிந்தது என்ற எண்ணம் நம்மவரிடையே இன்னும் போகவில்லை.

பிள்ளை பிறந்தால் 60 நாளுக்குள் பதிய வேண்டும். ஏற்கெனவே குடியுரிமையின்றி வளரும் பிள்ளைக்கு 15ஏ பிரிவில் விண்ணப்பிக்கலாம். முடிவு அரசாங்கத்தின் விருப்புரிமை. விண்ணப்பிக்கும் வயது வரம்பையும் இத்திருத்தம் 21இலிருந்து 18ஆகக் குறைக்கிறது. இடைநிலைப்பள்ளி முடியட்டும், பிறகு பார்க்கலாம் என்று காத்திருக்கும் பெற்றோருக்கு மூன்று ஆண்டுகள் போய்விடும்.

கைவிடப்பட்ட குழந்தைகளின் குடியுரிமையில் கைவைக்கும் முன்மொழிவை, எதிர்ப்புக்குப் பின் 2024 மார்ச்சில் அரசாங்கம் மீட்டுக்கொண்டது. நிரந்தரவாசிகளின் பிள்ளைகள் பற்றிய வரி அப்படியே நின்றது.