32 முதல் 6,000 வரை: ஒரு ராட்சதக் கூம்பின் கதை

ஸ்பீக்கர் வாங்கப் போனால் அட்டைப்பெட்டியில் "20 - 20,000 ஹெர்ட்ஸ்" என்று அச்சடித்திருப்பார்கள். நாமும் நம்பி வாங்கி வந்துவிடுவோம். அந்த எண்கள் உண்மைதானா என்று எப்படிப் பார்ப்பது? கூம்பு ஒலிபெருக்கி என்றால் ஓரளவுக்கு டேப்பை வைத்து அளந்தே சொல்லிவிடலாம். அதற்கு நல்ல உதாரணம் லண்டன் அறிவியல் அருங்காட்சியகத்தில் இருந்தது.

கூம்புக்குள் ஒலி எப்படிப் பயணிக்கிறது என்பதற்கான கணக்கை அமெரிக்க இயற்பியலாளர் வெப்ஸ்டர் 1919-ல் வெளியிட்டார். 1924-ல் ஹன்னா, ஸ்லெபியன் என்ற இரு பொறியாளர்கள் அதை ஒலிபெருக்கி வடிவமைப்புக்குக் கொண்டுவந்தார்கள். அருங்காட்சியகத்தின் காப்பாட்சியர் ரோடரிக் டென்மன் இந்த அறிவை வைத்து 27 அடி (8.23 மீட்டர்) நீளக் கூம்பு ஒன்றை உருவாக்கினார். கடையில் விற்கும் கருவிகளை எடைபோட ஒரு அளவுகோல் வேண்டும் என்பதே அவர் நோக்கம். 1930-களில் பொதுமக்கள் அதில் வானொலி கேட்டார்கள். அதன் வீச்சாகச் சொல்லப்பட்டது 32 முதல் 6,000 ஹெர்ட்ஸ்.

சரி, நாமே கணக்குப் போடுவோம். கூம்பின் தொண்டை சுமார் 27 மில்லிமீட்டர். வாயோ பக்கத்துக்கு 2.16 மீட்டர் உள்ள சதுரம். தொண்டையிலிருந்து வாய் வரை குறுக்குப் பரப்பு ஏறக்குறைய 13 முறை இரட்டிப்பாகிறது. அதாவது சுமார் 63 சென்டிமீட்டருக்கு ஒருமுறை. இந்த இரட்டிப்புத் தூரத்தை மீட்டரில் எடுத்து, 19-ஐ அதால் வகுத்தால் கீழ் எல்லை கிடைக்கும். விடை 30. அப்படியானால் 32 என்பது பொய்யில்லை!

ஆனால் இன்னொரு சோதனை உண்டு. வாயின் சுற்றளவு ஒலியின் அலைநீளத்துக்குக் குறையாமல் இருக்க வேண்டும். குறைந்தால் அலையின் ஒரு பகுதி வாயில் மோதிக் கூம்புக்குள்ளேயே திரும்பும், ஒலி மேடுபள்ளமாகும். இங்கே சுற்றளவு 8.64 மீட்டர். அதற்குரிய அதிர்வெண் 40 ஹெர்ட்ஸ். எனவே 30-க்கு மேல் ஒலி வரும், 40-க்கு மேல்தான் சீராக வரும். அரை மீட்டர் வாயுள்ள கூம்புக்கு இதே கணக்கைப் போட்டால் சுமார் 220 ஹெர்ட்ஸ் வருகிறது. தெருவில் கட்டும் குழாயில் 'பேஸ்' கேட்காத காரணம் புரிகிறதா?

மேல் எல்லையைத் தீர்மானிப்பது கூம்பின் பின்னால் இருக்கும் கருவி. டென்மன் பயன்படுத்தியது வெஸ்டர்ன் எலெக்ட்ரிக் 555. மெல்லிய அலுமினியத் தகடுதான் என்றாலும் அதற்கும் எடை உண்டு. ஒரு எல்லைக்கு மேல் அதனால் வேகமாக அசைய முடியாது. போதாததற்கு, அதிர்வெண் கூடக்கூட ஒலி டார்ச் வெளிச்சம் போலக் குறுகி நேராகப் போகும். பக்கத்தில் உட்கார்ந்தவருக்கு 6,000 கூடக் கிடைக்காது.

6,000 போதுமா? பியானோவின் 88 கட்டைகளில் உச்சத்தில் உள்ளது 4,186 ஹெர்ட்ஸ். 32-க்குக் கீழே இருப்பவை மூன்றே கட்டைகள். ஆக, 85 கட்டைகளின் அடிப்படைச் சுரம் இதில் அடங்கிவிடும். ஆனால் தாளத்தின் கணீர் ஒலியும் 'ஸ' என்ற எழுத்தின் கூர்மையும் 6,000-ஐத் தாண்டியும் போகின்றன. அங்கே இந்தக் கூம்பு தோற்றுவிடும். 1933 ஏப்ரலில் பெல் ஆய்வகம் ஃபிலடெல்ஃபியாவில் வாசித்த இசையை வாஷிங்டனில் ஒலிக்கச் செய்தபோது, தாழ்ந்த ஒலிக்கும் உயர்ந்த ஒலிக்கும் தனித்தனிக் கூம்புகளை வைத்து 40 முதல் 15,000 வரை எட்டியது. ஒரே கூம்பில் எல்லாம் வேண்டும் என்ற ஆசைக்கு இதுதான் விலை.

டென்மனின் கூம்பு 1949-ல் ஒரு விபத்தில் பெரும்பாலும் அழிந்தது. 2014-ல் ஒலிக்கலைஞர் அலெக்ஸ் கோல்கோவ்ஸ்கியும் அருங்காட்சியகப் பணிமனையும் சேர்ந்து அதை மறுபடி உருவாக்கினார்கள்.

எனக்கு இதில் பிடித்தது அந்த 6,000 என்ற எண்தான். அளவுகோலாக இருக்க வேண்டிய கருவி, தன்னால் முடியாததையும் சேர்த்தே சொல்கிறது. அடுத்தமுறை பெட்டியில் 20,000 என்று பார்த்தால், கொஞ்சம் நிதானித்து யோசியுங்கள் நண்பர்களே!