படிப்பகமும் அறிவொளியும்

நாலு எழுத்துப் படித்துவிட்டால் எவரும் தலைவர் பின்னால் கண்ணை மூடிக்கொண்டு போகமாட்டார் என்பது பொதுவான நம்பிக்கை. தமிழ்நாட்டு அனுபவம் அவ்வளவு எளிதாக இல்லை. இங்கே எழுத்து எளிய மக்களிடம் போய்ச் சேர்ந்த வழிகளில் இரண்டை அருகருகே வைத்துப் பார்க்கலாம்: ஒன்று, திராவிட இயக்கப் படிப்பகம், மற்றொன்று, 1991-இல் புதுக்கோட்டையில் தொடங்கிய அறிவொளி என்ற எழுத்தறிவு இயக்கம்.

1951-இல் இந்த மாநிலத்தில் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர்தான். அதனால் படிப்பகத்திலும் சலூனிலும் டீக்கடையிலும் ஒருவர் பத்திரிகையை உரக்க வாசிப்பார். சுற்றி இருப்பவர்கள் கேட்பார்கள். ‘விடுதலை’யும் ‘திராவிட நாடு’ம் ‘முரசொலி’யும் எழுத்தறியாதவர் காதுக்கும் போனது இப்படித்தான். அண்ணா ‘தம்பி’க்குக் கடிதம் எழுதினார், கருணாநிதி ‘உடன்பிறப்பு’க்கு எழுதினார். அதுவரை ‘எஜமான்’ என்று கைகட்டி நின்றவருக்குத் தலைவர் அண்ணனாகிவிட்டார். இது சின்ன மாற்றமில்லை. 1967-இல், ஊர் ஊராகப் பள்ளி திறந்த காமராஜரை விருதுநகரில் ஒரு மாணவர் தலைவர் தோற்கடித்தார். தலைவரை மாற்றும் துணிவு வந்துவிட்டது. ஆனால் அண்ணனை எதிர்த்துக் கேட்பது நம் வீடுகளில் வழக்கமில்லையே! தாள் வாசிப்பவர் கையில் இருந்தது. கேட்டவருக்குக் கிடைத்தது பெருமிதமும் பாசமும்.

அறிவொளியில் தாள் கை மாறியது. படிக்க வந்தவர்களில் பெரும்பாலோர் பெண்கள். வயலிலும் கல்குவாரியிலும் உழைத்தவர்கள். சொல்லிக்கொடுத்தவர்கள் சம்பளமில்லாத தொண்டர்கள். அன்றைய ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் சைக்கிள் ஓட்டுவதையும் பாடத்தில் சேர்த்தார். பெண்கள், ஆண்களுக்கான சைக்கிளையே விரும்பி ஓட்டினார்கள். முன்கம்பியில் பிள்ளையை உட்கார வைக்கலாம் அல்லவா? தண்ணீர்க் குடத்துக்கும் சந்தைக்கும் பிறர் தயவு தேவைப்படவில்லை. கைநாட்டு வைத்தவர்கள் மனுவில் கையெழுத்துப் போட்டார்கள். மனுவின் மொழி பணிவானதுதான். ஆனாலும் கீழே இருக்கும் பெயர் மைக்கறை அல்ல. இன்னார் கேட்கிறார் என்று சொல்லும் பெயர். ஆட்சியர் அந்தப் பெயருக்குப் பதில் சொல்லியாக வேண்டும்.

குறை இரண்டிலும் உண்டு. படிப்பகத்துக்குப் பின்னால் கட்சி இருந்தது. கிளை, கொடி, தேர்தல் என்று அது நிலைத்து ஆட்சியையும் பிடித்தது. அறிவொளிக்கு அப்படி ஒரு முதுகெலும்பு இல்லை. அறிவொளி நாட்களில் பெண்கள் குழுக்களுக்குக் குத்தகைக்குக் கிடைத்த கல்குவாரிகளில் பெரும்பாலானவை, ஆட்சியர் மாறிய பிறகு ஒப்பந்ததாரர்கள் பக்கமே திரும்பின. கேள்வி கேட்கக் கற்றவர்களுக்கு, கேட்டதைக் காப்பாற்ற அமைப்பு இல்லை. அமைப்பு கட்டியவர்களிடமோ, அதன் உள்ளேயே கேள்வி கேட்கும் பழக்கம் வளரவில்லை.

ஆகவே கல்வி தலைமையை ஒழிப்பதில்லை. தலைவரிடம் எந்த உரிமையோடு பேசலாம் என்பதை மாற்றுகிறது. எவ்வளவு மாற்றும் என்பது, வாசிப்பவர் யார் என்பதைப் பொறுத்தது. திங்கள்கிழமைகளில் ஆட்சியர் அலுவலக வாசலில் காசு வாங்கிக்கொண்டு மனு எழுதித் தருபவர்களைப் பார்க்கலாம். எழுதி முடித்ததும் ‘இங்கே கையெழுத்துப் போடும்மா’ என்று தாளை நீட்டுவார்கள். போடுவதற்கு முன் அந்த அம்மா தாளை வாங்கி, முதல் வரியிலிருந்து தானே ஒருமுறை படித்துப் பார்க்கிறாரா என்பதுதான் கேள்வி.