ஏழு கன்னியர் மலையில் வீழ்ந்த விமானம்

ராகலையில் பனிமூட்டம் இறங்கினால் எதிரேயுள்ள தேயிலை மலையும் கண்ணுக்குத் தெரியாது. ஆயினும், பாதையின் வளைவுகளைப் பழகியறிந்த லொறிச் சாரதி அஞ்சாது வருவார். இருளில் பறக்கும் விமானிக்கோ கருவியும் பயிற்சியுமே கண்கள்.

1974ஆம் ஆண்டு டிசம்பர் 4ஆம் நாள் இரவு அக்கண்கள் பொய்த்தன. இந்தோனேசியாவின் சுரபாயாவிலிருந்து ஜித்தாவை நோக்கி ஹஜ் யாத்திரிகரை ஏற்றிவந்த ஒல்லாந்து நாட்டு மார்ட்டின்ஏர் விமானம், கட்டுநாயக்காவில் இறங்க முற்பட்டபோது, மஸ்கெலியாவை அடுத்த ஏழு கன்னியர் மலையில் மோதியது. யாத்திரிகர் 182 பேரும் பணியாளர் 9 பேருமாக 191 பேர் மாண்டனர். விமானம் இருந்த இடத்தைப் பிழையாகக் கணித்து, பாதுகாப்பான உயரத்திற்குக் கீழே இறங்கியதே காரணம் என விசாரணை கண்டது. விமானத்திலிருந்த டொப்ளர் கருவியையும் வானிலை ராடாரையும் சார்ந்திருந்தமை இப்பிழைக்கு இடமளித்தது என்பது அதன் கருத்து.

அதற்கு மூன்று நாள் முன்னர் அமெரிக்காவின் வர்ஜீனியாவிலும் ஒரு விமானம் மலையில் மோதி 92 பேர் இறந்தனர். நிலம் நெருங்குவதை ஒலியெழுப்பி உணர்த்தும் கருவி அப்போதே இருந்தது, ஆனால் கட்டாயமாக்கப்படவில்லை. அவ்விபத்தின் பின்னரே, பெரிய பயணிகள் விமானங்களில் அதைப் பொருத்துமாறு அமெரிக்கா ஆணையிட்டது.

கருவிக்கும் பயிற்சிக்கும் பராமரிப்புக்கும் கொடுக்கும் பணம் கணக்கேட்டில் செலவாகவே தோன்றும். அது காத்த உயிர்களை எழுத அவ்வேட்டில் இடமில்லை. சிக்கனம் நற்குணமே, எதைக் குறைக்கலாகாது என அறிந்தவர் கையில் மட்டுமே அது நற்குணமாக நிற்கும்.